கை மலிவென்று கழற்றிவிடாதீர்கள்: வன்னி நூற்பாலை குறித்து ஒரு திறந்த மடல்

வட மாகாணத்தில் தொழிற்றுறைக்கும் தொழிற்பயிற்சிக்கும் பொறுப்பாயுள்ள அதிகாரிகளுக்கும், வன்னியின் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம்.

அண்மையில் எங்கள் பகுதியில் நடந்த ஒரு கூட்டத்தில், நெசவு நிலையங்களுக்கு வேண்டிய நூலை இந்தியாவிலிருந்து இறக்கிக்கொண்டிராமல் வன்னியிலேயே நூற்க முடியாதா என்ற பழைய கேள்வி மறுபடியும் எழுந்தது. கேள்வி நல்ல கேள்விதான். அதற்கு முன்வரிசையில் இருந்த ஒருவர் சொன்ன பதில்தான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. தமிழ்நாட்டு ஆலைகள் கழித்துவிடும் பழைய ரிங் பிரேம் என்ற நூற்பு இயந்திரங்களை மலிவாக எடுக்கலாம் என்றும், தானியங்கி இணைப்புகளைக் கழற்றிவிட்டு எடுத்தால் விலை இன்னும் இறங்கும் என்றும், “இங்கே கை மலிவு, வேலைக்கு வரப் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள்” என்றும் அவர் சொன்னார். பலர் தலையாட்டினார்கள். என்னால் தலையாட்ட முடியவில்லை. அப்படியொரு மலிவுக் கையாக ஒன்பது வருடம் உழைத்தவள் நான்.

1996இல் இடப்பெயர்வின்போது மன்னாரிலிருந்து படகேறிய குடும்பம் எங்களுடையது. தமிழ்நாட்டின் மண்டபத்தில் இறங்கி, பின்னர் கொங்கு நாட்டுப் பக்கம் ஒரு முகாமில் வளர்ந்தேன். பதினெட்டு வயதில் பக்கத்து நூற்பாலையில் சேர்ந்து, முதலில் பாபின் கழற்றுபவளாகவும், பிறகு அறுந்த இழை பார்க்கும் சைடராகவும், கடைசி இரண்டு வருடம் ஃபிட்டர்களுக்கு எடுபிடியாகவும் வேலை செய்தேன். 2012இல் ஊர் திரும்பினேன். அதனால் இந்த மடலில் இயந்திரத்தைப் பற்றி நான் சொல்பவற்றில் பெரும்பகுதி தாளில் படித்ததல்ல, தோளில் படித்தது.

ரிங் பிரேம் என்பது பருத்தித் திரியை உருளைகளுக்கு இடையே இழுத்து மெலிதாக்கி, நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல் சுழலும் கதிர் என்ற தண்டில் முறுக்கேற்றிப் பாபினில் சுற்றும் இயந்திரம். கதிரைச் சூழ்ந்த உருக்கு வளையத்தில் ஓடும் டிராவலர் என்ற சின்னக் கொக்கிதான் முறுக்குக்கும் சுற்றுக்கும் வழி விடுகிறது. இத்தனையையும் இயந்திரமே செய்கிறது. அது தானாகச் செய்யாத மூன்று வேலைகள் உண்டு: பாபின் நிறைந்தால் கழற்றி வெற்றுப் பாபின் போடுவது, இழை அறுந்தால் கட்டுவது, பறக்கும் பஞ்சைத் துடைப்பது. இணைப்புகள் எல்லாம் இந்த மூன்றையும் பற்றியவைதான். இணைப்பு இல்லாத இயந்திரம் என்றால் இந்த மூன்றையும் ஒரு பெண் செய்கிறாள் என்று பொருள்.

எங்கள் ஆலையில் பழைய பிரேம் ஒன்றில் 480 கதிர்கள். பாபின்கள் நிறைந்ததும் ஆறு பேர் வண்டியோடு ஓடிச்சென்று, ஒரு கையால் நிறைந்ததை உருவி மறு கையால் வெறுமையானதைச் செருகிக்கொண்டே பக்கவாட்டில் நகர்வோம். ஒரு பாபினில் உள்ள நூல் ஏறத்தாழ ஐம்பது கிராம். தூக்கிப் பார்த்தால் ஒரு பாரமும் இல்லை. ஆனால் ஒரு ஷிப்டில் ஒருத்தி ஆயிரத்தைந்நூறு முறைக்கு மேல் உருவுகிறாள், அத்தனை முறை செருகுகிறாள். கையை எந்நேரமும் மார்பளவில் நீட்டிவைத்தே செய்யும் வேலை இது. இரண்டாம் வருடத்தில் வலது தோள் பிடித்துக்கொண்டது. இன்றும் மாரி தொடங்கினால் அது எனக்கு முன்கூட்டியே சொல்லிவிடும். இயந்திரம் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் இழப்பு என்பதால் மேஸ்திரி கடிகாரத்தோடு பின்னால் நிற்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்குப் பின்னால் இன்னொருவர் நின்றார்.

பிறகு தானியங்கிக் கழற்றி பொருத்திய புதிய பிரேம்கள் வந்தன. அதன் வேலையை முதல்நாள் பார்த்தபோது எங்களுக்குள் யாரும் பேசவில்லை. பாபின்கள் நிறைந்ததும் வளையத் தண்டு தானே கீழிறங்கி, கதிரின் அடியில் சில சுற்று நூலைப் பிடித்துவைக்கிறது, மறுபடி ஓடத் தொடங்கும்போது இழை அறாதிருப்பதற்காக. கதிர்கள் நிற்கின்றன. பிரேமின் முழு நீளத்துக்கும் ஒரே தண்டாகக் கிடக்கும் பிடிசட்டம் கத்தரிக்கோல் கால்களில் மேலெழுந்து, பாபின்களின் தலைகளில் அமர்கிறது. ஒவ்வொரு பிடியிலும் உள்ள இறப்பர் உறைக்குள் காற்று நிறைந்து அத்தனை பாபின்களையும் ஒருசேரக் கவ்வுகிறது. உருவி, கீழே ஓடும் பட்டையின் முளைகளில் இறக்குகிறது. அங்கே காத்திருந்த வெற்றுப் பாபின்களைத் தூக்கிக் கதிர்களில் இருத்துகிறது. இரண்டு மூன்று நிமிடங்களில் பிரேம் மறுபடி ஓடுகிறது. நாங்கள் ஆறு பேர் ஓடியோடிச் செய்ததை அது ஓடாமல் செய்தது.

ஆனால் அதற்கும் ஒரு ஆள் வேண்டும், அதுவும் விசயம் தெரிந்த ஆள். ஒரு பிடியின் இறப்பர் கிழிந்தால் அந்தப் பாபின் நடுவில் விழுந்து பட்டையில் சிக்கும். காற்றழுத்தம் குறைந்தால் ஒன்றல்ல, ஒரு வரிசையே விழும். முளை ஒன்று சற்று வளைந்திருந்தால் பாபின் சாய்வாக அமர்ந்து, ஓடும்போது அதிர்ந்து அந்த இடத்தில் இழை அறுந்துகொண்டே இருக்கும். ஃபிட்டர் வரும்வரை பிரேம் நிற்கும். அதற்கிடையில் பாபின் கழற்றிய பழைய டாஃபர்களைக் கூப்பிட்டுக் கையால் கழற்றச் சொல்வார்கள். ஒருமுறை கிழிந்த இறப்பரை நானே மாற்றிவிட்டேன், ஐந்து நிமிட வேலை. மறுநாள் அலுவலகத்துக்கு அழைத்து, பெண்களுக்கு ஸ்பானர் எதற்கு என்று கேட்டார்கள். ஸ்பானரே தேவைப்படவில்லை என்று நான் சொன்னது அவர்களுக்கு இன்னும் கோபத்தை ஏற்றியது. கழற்றி வந்த ஆறு மாதத்துக்குள் எங்களில் பாதிப்பேருக்கு வேலை இல்லை. மீதிப்பேரில் ஒருவருக்கும் அந்தக் கழற்றியைப் பற்றிச் சொல்லித்தரப்படவில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். இணைப்பைக் கழற்றிவிட்ட இயந்திரம் தொழிலாளியின் உடம்பைத் தின்னும். தெரிந்த ஆள் இல்லாமல் இணைப்போடு வரும் இயந்திரம் போட்ட முதலீட்டைத் தின்னும். இரண்டையும் பார்த்துவிட்டேன். வன்னிக்கு இரண்டும் வேண்டாம். ஆலைக்குக் கல் நாட்டுவதற்கு முன்பே இணைப்புகளைப் பராமரிக்கும் ஆட்களை இங்கேயே, பெண்களையும் சேர்த்து, உருவாக்குங்கள்.

இது வன்னிக்குப் புரியாத விசயமல்ல. ஒவ்வொரு கமக்காரர் வீட்டுக்கும் லான்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரம் தெரியும். அதில் கலப்பையைப் பூட்டினால் உழும், பெட்டியைப் பூட்டினால் நெல் ஏற்றும், பட்டியைப் போட்டால் தண்ணீர் இறைக்கும். எஞ்சின் மட்டும் வாங்கிவந்து முற்றத்தில் நிறுத்தியவரை ஊர் சிரிக்கும். பட்டி அறுந்தால் மாற்றத் தெரியாமல் ஒரு போகத்தை இழந்தவரையும் சிரிக்கும். ரிங் பிரேமும் அப்படித்தான், கொஞ்சம் நீளம் கூட.

“கை மலிவு” என்ற சொல்லுக்கு இன்னொரு பதிலும் உண்டு. வன்னியின் கைகளை அந்தக் கூட்டத்தில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. எத்தனை பேரின் தோளிலும் முதுகிலும் இன்னும் சன்னச் சிதறல் கிடக்கிறது, எத்தனை பேர் ஒரு காலோடு குடும்பம் நடத்துகிறார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். எட்டு மணித்தியாலம் கையை நீட்டி ஓடும் வேலைக்கு இவர்களில் யாரும் வரமுடியாது. தனித்தனிக் கதிரைக் கண்காணித்து எங்கே இழை அறுந்தது என்று விளக்கெரித்துக் காட்டும் இணைப்பு இருந்தால், திரை முன்னால் இருந்து அதைக் கவனித்து ஆளை அனுப்பும் வேலைக்கு வரமுடியும். மேசையில் வைத்துப் பிடி இறப்பரும் வால்வும் பழுதுபார்க்கும் வேலைக்கும் வரமுடியும். பெண் தலைமையில் வாழும் குடும்பங்கள் இத்தனை உள்ள மண்ணில், ஐந்தாறு வருடத்தில் தோளைக் கெடுத்து வீட்டுக்கு அனுப்பும் வேலையை வேலைவாய்ப்பு என்று அழைப்பது எனக்குச் சம்மதமில்லை.

எல்லா இணைப்பும் முதல்நாளே வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பணம் குறைவென்றால் எதை விடக்கூடாது என்று சொல்கிறேன். இழை அறுந்த இடத்தில் வரும் பஞ்சை உறிஞ்சி எடுக்கும் குழாய்களையும், பிரேமின் மேலே தண்டவாளத்தில் ஓடி ஊதியும் உறிஞ்சியும் பஞ்சை அகற்றும் துப்புரவு இணைப்பையும் ஒருபோதும் கழற்ற விடாதீர்கள். பஞ்சுத் தூசி நெஞ்சை அடைக்கும் நோய் நூற்பாலைகளில் நன்கு அறியப்பட்டது. ஓய்வு நாள் முடிந்து வேலைக்குத் திரும்பும் திங்கட்கிழமைகளில் மார்பு இறுகுவதே அதன் முதல் அடையாளம். பஞ்சு உடைக்கும் பகுதியிலும் பஞ்சைச் சீவும் கார்டிங்கிலும் அந்தத் தூசி இன்னும் மோசம், அங்கே உறிஞ்சு ஏற்பாடு இல்லாமல் கதவையே திறக்கக்கூடாது.

அடுத்தது, இழை அறுந்தவுடன் திரியை நிறுத்தும் இணைப்பு. பஞ்சு முழுவதையும் கடல் கடந்து வாங்கப்போகும் நமக்கு வீணாகும் ஒவ்வொரு கிலோவும் கணக்கு. அதன் பிறகு, பாபினிலிருந்து கோன் என்ற பெரிய கூம்புக்கு நூலை மாற்றும் இடத்தில் முடிச்சுக்குப் பதிலாகக் காற்றால் இழைகளைப் பின்னி இணைக்கும் கருவி. இரண்டு நுனிகளின் முறுக்கையும் அவிழ்த்து, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, காற்றை வேகமாகச் செலுத்திச் சேர்க்கிறது. இணைந்த இடம் ஓர் அங்குல அளவுதான், தடவினால் தட்டுப்படாது. இதன் அருமையை அதிகாரிகளை விட நெசவு நிலையப் பிள்ளைகள் அறிவார்கள். முடிச்சு தறி அச்சில் சிக்கி இழை அறுந்து, ஒரு காலை முழுவதும் பாவு இழையைக் கோத்துக்கொண்டு இருந்தவர்கள் அவர்கள்தான்.

அறுந்த இழையைக் கட்டும் ரோபோவைப் பற்றி யாராவது விளம்பரப் படத்தோடு வந்தால் நிதானமாயிருங்கள். 1795இல் தொடங்கிய சுவிற்சர்லாந்து நிறுவனமான ரீட்டர், 2019இல் பார்சிலோனா கண்காட்சியில் அப்படியொன்றைக் காட்டியது. பிரேமின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்று ஓடி, அறுந்த கதிரைத் தேடிப்போய்க் கட்டுகிறது. அதன் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது பல்லாயிரம் கதிர்களும் ஆள் பற்றாக்குறையும் உள்ள ஆலைக்கு உரியது. இழை கட்டுவது நூற்பில் மிக நுட்பமான கைவேலை. கதிரை நிறுத்தி, நுனியைத் தேடி, டிராவலருக்குள் கோத்து, ஓடும் உருளையின் வாயில் கொடுப்பதை நல்ல சைடர் மூச்சு விடும் நேரத்தில் முடிப்பாள். வன்னியில் அந்தக் கைக்கு நல்ல சம்பளம் கொடுப்பதே முறை. இந்த இணைப்புகளின் வரலாறும் இங்கே கவனத்துக்குரியது. 1824இல் இங்கிலாந்தின் பருத்தி வட்டாரத்தில் நூற்போர் வேலைநிறுத்தம் செய்தபோது, ஆலை முதலாளிகள் மான்செஸ்டரின் ரிச்சர்ட் ராபர்ட்சிடம் போய்த் தானே இயங்கும் மியூல் என்ற நூற்பு இயந்திரத்தைச் செய்துதரக் கேட்டார்கள். 1825இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். நூற்பவரின் பேரம்பேசும் பலத்தை உடைப்பதே முதலாளிகளின் நோக்கம். இயந்திரத்துக்குள் குனிந்து இழை கட்டிய சிறுவர்களின் வேலையோ அப்படியே இருந்தது. எந்த வேலையை இயந்திரத்திடம் கொடுப்பது, எதை மனிதரிடம் விடுவது என்பதை அன்று முடிவுசெய்தவர்கள் இழை கட்டாதவர்கள். நமது தேர்வுக் குழுவில் இழை கட்டியவர் ஒருவராவது இருக்கவேண்டும் என்று கேட்பது இதனால்தான்.

மின்சாரத்தையும் காற்றையும் மறந்துவிட்டு விலை கேட்காதீர்கள். 2022 பங்குனி முடிவில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். ஓடும் பிரேமுக்கு மின்சாரம் திடீரென்று நின்றால் உறிஞ்சலும் உருளையும் கதிரும் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் நின்று, மறுபடி ஓட்டும்போது நூற்றுக்கணக்கில் இழை அறும். மின்சாரம் போனாலும் சுழற்சியில் மிஞ்சிய விசையைக் கொண்டு ஒழுங்காக நிறுத்தும் கட்டுப்பாடு இருக்கிறதா என்று விற்பவரிடம் முதலில் கேளுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் நம் காற்று உலர்ந்து கிடக்கும். ஈரப்பதம் பேணும் ஏற்பாடு இல்லாத மண்டபத்தில் எந்த இணைப்பும் உருப்படாது.

பயிற்சிக்கு இடம் தேடவேண்டியதில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் இருக்கின்றன. மோட்டரும், காற்றழுத்த வால்வும், உணரியும் அங்கே பழகும் விசயங்கள்தான். கழற்றி பூட்டிய ஒரு சிறு பிரேமையும், காற்றால் இழை இணைக்கும் கருவி இரண்டையும் பயிற்சிக்கென்று முதலில் வாங்கி, தேசிய தொழிற்றகைமைக்குள் அடங்கும் ஒரு பராமரிப்புப் பாடத்தை ஒரு வருடம் நடத்துங்கள். இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்குங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கும் மேசைவேலைப் பிரிவில் இடம் வையுங்கள். அந்த ஒரு வருடத்தில் எத்தனை இறப்பர் கிழிந்தது, எந்த உதிரிப்பாகம் ஒரு வாரத்துக்குள் கொழும்பிலோ கோயம்புத்தூரிலோ கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்ற குறிப்பேடு ஒன்று உருவாகும். பெரிய ஆலைக்கு விலை கோரும் கேள்விப்பத்திரத்தை அந்தக் குறிப்பேட்டைப் பார்த்து எழுதுங்கள்.

நெசவாளர் சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். இணைப்பு வந்தால் குறையும் வேலை எது, அதைச் செய்பவர் யார், அவருக்கு மாற்றாகப் பயிற்றப்போகும் வேலை எது என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். எங்கள் ஆலையில் அப்படியொரு தாள் இருந்திருந்தால் என்னோடு வேலை செய்த பலர் இன்றும் அங்கே இருந்திருப்பார்கள்.

அந்த ஆலையிலிருந்து வரும்போது ஒரு பிடி இறப்பரும் ஒரு கைநிறைய டிராவலரும் கொண்டுவந்தேன். வீட்டில் ஒரு பால்மாப் பேணியில் கிடக்கின்றன. தேர்வுக் குழு கூடும்போது அழைத்தால், எடுத்துக்கொண்டு வருகிறேன். நெல் வெட்டுக் காலம் மட்டும் வேண்டாம்.

இங்ஙனம்,
நூற்பாலையின் முன்னாள் தொழிலாளி ஒருத்தி,
ஒட்டுசுட்டான்.