பெட்டை நாய் வைத்திருப்பவர் மட்டும்தான் பொறுப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாய் வளர்ப்பவர்களுக்கும் நாய் என்றாலே ஆகாதவர்களுக்கும் நடக்கும் தகராறு எல்லாரும் அறிந்ததுதான். நான் எழுத வந்தது அதைப் பற்றி இல்லை. நாய் வளர்க்கும் எங்களுக்குள்ளேயே நடக்கிற சண்டையைப் பற்றி. கெடா மாநிலம் பாடாங் செராயில் இருக்கும் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், கொஞ்ச நாளாக இதுதான் பேச்சு. தீபாவளிக்குப் பலகாரத் தட்டு மாற்றிக்கொள்ளும் இரண்டு வீட்டுக்காரர்கள் இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

விஷயம் இதுதான். எங்கள் லோரோங்கின் (சந்தின்) கடைசி வீட்டு அக்கா ஒரு பெட்டை நாய் வளர்க்கிறார். காசு கொடுத்து வாங்கியது இல்லை, மழை நாளில் கால்வாயோரம் நடுங்கிக்கொண்டு கிடந்ததைத் தூக்கி வந்து சோறு போட்டு ஆளாக்கியது. அது குட்டி போட்டுவிட்டது. குட்டிகளில் இரண்டுக்கு நெற்றியில் வெள்ளைக் கோடு, எதிர் வரிசை அண்ணன் வீட்டுக் கறுப்பு நாய்க்கு இருக்கிற அதே கோடு. அக்கா நேராகப் போய், "அண்ணே, இது ஒங்க நாய் வேலதான், குட்டிங்களுக்கு ஊசி போடுற செலவுல பாதியாச்சும் குடுங்க" என்று கேட்டுவிட்டார். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "பொட்ட நாய் வச்சிருக்கவங்கதான் கட்டிப் போடணும், ஆம்பள நாய்னா அப்படித்தான் சுத்தும், அதுக்கெல்லாம் நான் காசு குடுக்க முடியுமா?" என்றார். அந்தப் பேச்சில் லோரோங்கே இரண்டாகப் பிரிந்துவிட்டது. அதிகம் பேர் அண்ணன் பக்கம்.

நான் அக்கா பக்கம். அவர் கேட்டது நியாயம்தான், உண்மையில் அவர் குறைவாகத்தான் கேட்டார் என்பேன்.

பெட்டை நாய்க்குப் பருவம் வந்தால் ஏறக்குறைய மூன்று வாரம் இருக்கும், வருஷத்துக்கு இரண்டு தடவை வரும். அந்த வாசனை வெகு தூரம் போகும், எங்கெங்கோ இருக்கும் ஆண் நாயெல்லாம் வந்து சேரும். அக்கா வீட்டுக் கேட் பழசு, அடியில் ஒரு பெரிய இடைவெளி, அதில் பலகை வைத்து அடைத்திருந்தார். ராத்திரியில் பிராண்டிப் பிராண்டி அந்தப் பலகையையே ஒரு பக்கம் சாய்த்துவிட்டன. வீட்டுக்குள்ளேயே அடைத்து வைத்திருக்கலாமே என்று கேட்பவர்கள், அதே மூன்று வாரம் தங்கள் ஆண் நாயை வீட்டுக்குள் வைத்திருந்தால் என்ன? அது ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

இன்னொன்று. அந்த வெள்ளைக் கோடு இல்லாத மற்ற குட்டிகள் யாருடையவை என்று ஒரு விவாதம் ஓடியது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு இரண்டு, மூன்று அப்பன் இருக்க முடியும். நாய்க்கு அது சாதாரணம், எந்தக் கால்நடை மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார். அதனால் இது அண்ணன் ஒருவரை நிற்க வைத்துக் கேட்கும் விஷயமே இல்லை. சாயங்காலமானால் கேட்டைத் திறந்து, "போய்ட்டு வாடா" என்று ஆண் நாயை அவிழ்த்து விடும் ஒவ்வொரு வீடும் இந்தக் கணக்கில் இருக்கிறது. எங்கள் வரிசையில் அப்படிப்பட்ட வீடுகள் பல.

இதெல்லாம் எங்கிருந்து வந்த பழக்கம் என்று எனக்குத் தெரியும். நானும் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன்தான். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் யார் நாயைக் கட்டிப் போட்டார்கள்? விடியற்காலையில் அப்பா பால்வெட்டுக்குப் போகும்போது அது கூடவே போகும், அவர் மரத்துக்கு மரம் நகர, அதுவும் நகரும், பாம்பு இருந்தால் முதலில் அதுதான் குரைத்துக் காட்டும். வேட்டைக்குப் போகிறவர்கள் காட்டுப்பன்றியை மடக்க நாய்களைக் கூட்டிப் போவார்கள். குட்டி போட்டால் நாலு லயத்துக்குப் பங்கு போகும், மிச்சம் தோட்டத்தில் தானாகத் திரியும், செத்ததும் பிழைத்ததும் யாருக்கும் தெரியாது. சுற்றிலும் தோட்டம்தான் இருந்தது, அதனால் யாரும் யாரிடமும் கணக்குக் கேட்கவில்லை. அப்புறம் தோட்டத்தைத் துண்டு போட்டார்கள், பால்மரம் போய்ப் பாமாயில் எடுக்கும் செம்பனை வந்தது, லயத்தை இடித்தார்கள், நாம் ஒட்டு வீடுகளுக்கு வந்து சேர்ந்தோம். இங்கே என் சுவர்தான் அடுத்த வீட்டுச் சுவர். நாய் வளர்க்கும் முறை மட்டும் இன்னும் லயத்து முறையாகவே இருக்கிறது.

இதில் அதிகம் கஷ்டப்படுவது பெண் குட்டிகள். ஆண் குட்டியைக் கேட்டு ஆள் வரும், "காவலுக்கு ஆகும்" என்று தூக்கிப் போவார்கள். பெண் குட்டியை யாரும் தொடுவதில்லை. போன மாதம் தாமானை ஒட்டியிருக்கும் செம்பனைத் தோட்டத்தில், வெட்டிய குலைகளைக் கொண்டுவந்து அடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் அரிசிச் சாக்கு கிடந்தது. வாயைச் சிவப்பு ரபியாக் கயிற்றால் கட்டியிருந்தார்கள், மூச்சு விடட்டும் என்றோ என்னவோ பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை வேறு. சாக்கு அசைந்ததைப் பார்த்து, அங்கே வேலை செய்யும் வங்காளதேசத் தம்பி ஒருவர்தான் குலை வெட்டும் கத்தியை வைத்துவிட்டு வந்து கயிற்றை அறுத்தார். உள்ளே இருந்தவை எல்லாம் பெண் குட்டி. ஒன்றுக்கும் கண் திறக்கவில்லை. குட்டிக்குக் கண் திறக்கப் பத்திலிருந்து பதினான்கு நாள் ஆகும், அப்படியென்றால் பிறந்து அவ்வளவு நாள்கூட ஆகவில்லை. எறும்பு மொய்த்துவிட்டது. அந்தத் தம்பி தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து ஒவ்வொன்றின் கண்ணையும் விரலால் துடைத்துவிட்டதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றுதான் பிழைத்தது.

2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் என்று ஒன்று நம் மலேசியாவில் இருக்கிறது, 2017 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ளது. விலங்கைக் கொடுமைப்படுத்தினால் அபராதமே குறைந்தது 20,000 வெள்ளி (ரிங்கிட்), அதிகபட்சம் 100,000 வெள்ளி, மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. சாக்கில் கட்டிப் போடுவது கொடுமை இல்லையென்றால் வேறு எது கொடுமை?

சிலர் தோட்டத்தில் போடுவதில்லை, கோயில் வாசலில் விட்டுவிட்டுப் போகிறார்கள். பைரவருக்கு வாகனம், சாமி பார்த்துக்கொள்வார் என்கிறார்கள். சாமி பார்த்துக்கொள்வது சரி, தினமும் அதற்குச் சோறு வைப்பது கோயிலைக் கூட்டிப் பெருக்கும் பாட்டி. அவர் வாங்கும் சம்பளம் என்னவென்று இவர்களில் யாராவது கேட்டிருப்பார்களா?

ஆக, எல்லாம் போய் முடிவது கருத்தடை ஆபரேஷனில்தான். இங்கேதான் நாய் வளர்ப்பவர்களே ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

"ஒரு தடவையாவது குட்டி போடட்டும், இல்லன்னா பாவம்" என்பது ஒன்று. மருத்துவத்தில் இதற்கு ஆதாரமே இல்லை. முதல் பருவத்துக்கு முன்பே கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிட்டால் மார்பில் கட்டி வரும் ஆபத்து பெருமளவு குறைகிறது. வயதான பெட்டை நாய்களுக்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடித்து உயிரே போகுமே, அந்தப் பிரச்சினையும் தீர்ந்தது.

"ஊசி போட்டுக்கிட்டா போதும், செலவு கம்மி" என்பது இன்னொன்று. பருவத்தைத் தள்ளிப்போடும் ஹார்மோன் ஊசி இருப்பது உண்மை. அதைத் திரும்பத் திரும்பப் போட்டால்தான் அந்தச் சீழும் கட்டியும் வரும் வாய்ப்பு அதிகமாகிறது. இதில் மிச்சமாகும் காசு பிறகு மருந்துக்கே போய்விடும்.

மூன்றாவதுதான் எங்கள் லோரோங்கில் பெரிதாக ஓடியது. "ஆம்பள நாய அறுத்தா அது காவலுக்கு ஒதவாது, மந்தமாயிடும்." குரைப்பதும் வீட்டைக் காப்பதும் நாயின் சுபாவத்தோடும் பழக்கத்தோடும் சேர்ந்தது. ஆபரேஷனால் குறைவது ஊர் சுற்றுவதும், பெட்டைக்காக மற்ற நாய்களோடு கடித்துக்கொள்வதும்தான். கொஞ்சம் குண்டாகலாம், சோற்றைக் குறைத்தால் சரியாகிவிடும். அவிழ்த்துவிட்ட ஆண் நாய்களுக்கு வரும் ஒரு நோயையும் சொல்லியாக வேண்டும். பிறப்புறுப்பில் பூக்கோஸ் பூவாட்டம் ஒரு கட்டி முளைத்து, ரத்தம் சொட்டிக்கொண்டே இருக்கும். சேர்க்கையால் ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குத் தொற்றும் புற்றுநோய் அது. வாரா வாரம் மருந்து ஏற்றினால் பெரும்பாலும் குணமாகும், ஆனால் வாரா வாரம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமே. ஆண் நாய் சுற்றினால் நமக்கு நஷ்டமில்லை என்பவர்கள் அந்தச் செலவையும் சேர்த்துப் பார்க்கட்டும். செம்பனைக்குள் போய் எலி மருந்தைத் தின்றுவிட்டு வந்து, மூக்கிலும் ஈறிலும் ரத்தம் கசிந்து கிடக்கும் நாய்களும் பெரும்பாலும் இப்படிச் சுற்றுகிறவைதான்.

காசு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லாரும் மனதுக்குள் நினைப்பது அதைத்தான். தனியார் கிளினிக்கில் பெட்டை நாய்க்குச் சில நூறு வெள்ளி ஆகிறது, எடை கூடக் கூடக் கட்டணமும் கூடும். வயிற்றைத் திறக்க வேண்டியிருப்பதால் அது பெரிய ஆபரேஷன். ஆண் நாய்க்குச் சின்ன ஆபரேஷன், செலவும் குறைவு, அன்றே வீட்டுக்குக் கூட்டி வந்துவிடலாம். இதில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பது செலவு குறைவாக இருக்கிறவர்கள், அதிகச் செலவு தலையில் விழுந்தவர் மட்டும் அத்தனை ஏச்சுப் பேச்சையும் கேட்க வேண்டுமா? நான் சொல்வது இதுதான். ஆண் நாயை அவிழ்த்து விடுகிறவர் ஒன்று அதற்கு ஆபரேஷன் செய்யட்டும், இல்லையென்றால் பக்கத்துப் பெட்டை நாயின் ஆபரேஷனில் பாதியைக் கொடுக்கட்டும். இரண்டும் முடியாது என்றால் கேட்டை மூடி வைக்கட்டும்.

ஒரே ஒரு கேள்விக்குத்தான் எனக்கும் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. தெருவில் திரியும் பெட்டை நாய்க்குச் சோறு மட்டும் வைக்கிறவர் அதற்குச் சொந்தக்காரரா? "சோறு போட்டீங்கல்ல, நீங்கதான் பாக்கணும்" என்று சொல்லிச் சொல்லியே எங்கள் பகுதியில் ஒரு வயதான அம்மாவைச் சோறு வைப்பதையே நிறுத்த வைத்துவிட்டார்கள். நாய் எங்கேயும் போகவில்லை, குப்பைப் பையைக் கிழிக்கிறது, அவ்வளவுதான் மாற்றம். யோசித்துப் பார்த்தால், இரக்கப்பட்ட ஒருவர் தலையில் முழுச் சுமையையும் வைப்பது தப்பு என்றுதான் படுகிறது. தெருவில் இருக்கும் நாய்க்குத் தெருவே சேர்ந்து செலவு செய்யட்டும். வீட்டுக்குப் பத்து இருபது வெள்ளி போட்டால் ஒரு பெட்டை நாயின் ஆபரேஷன் முடிந்துவிடும்.

நாய் பிடிக்கும் வண்டி வந்தால் எல்லாரும் ஒன்றுகூடிச் சத்தம் போடுகிறோம். வலையை வீசும் விதத்தைப் பார்த்து எனக்கும் வயிறு எரிகிறதுதான். ஆனால் வண்டி வருவது யாரோ புகார் செய்வதால். எங்கள் பக்கத்து வரிசையில் மலாய்க் குடும்பங்கள் இருக்கின்றன. நாயின் எச்சில் பட்டால் அவர்கள் மார்க்க முறைப்படி ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரில். வாசலில் கழற்றி வைத்த செருப்பை நம் நாய் கவ்விக்கொண்டு வந்தால் அவர்களுக்கு அது எவ்வளவு சங்கடம்! அப்படியிருந்தும் பல தடவை அவர்கள் புகார் செய்யாமல் நம்மிடம்தான் வந்து சொல்லியிருக்கிறார்கள்.

வெறிநாய்க்கடி பயமும் கெடாக்காரர்களுக்குப் புதிதில்லை. 2013-இல் வெறிநாய்க்கடி இல்லாத நாடு என்று பெயர் வாங்கினோம், 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்றிலும் நோய் திரும்பி வந்தது. அப்போது பினாங்கில் தெருநாய்களைக் கொல்ல உத்தரவு போட்டார்கள், எவ்வளவு எதிர்ப்பு வந்தது என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும். 2017-இல் சரவாக்கில் ஆரம்பித்தது, அங்கே மனித உயிர்களே போயிருக்கின்றன. இப்படி நோய் வரும்போது முதலில் சாவது கழுத்தில் பட்டை இல்லாத, தடுப்பூசி போடாத நாய்கள். நாம் சாக்கில் கட்டிப் போட்டதில் தப்பிப் பிழைத்தவைதான் அவை.

எங்கள் வரிசையில் இப்போது ஒரு ஏற்பாடு நடக்கிறது. அக்கா வீட்டுக் குட்டிகள் எட்டு வாரம் தாயோடு இருக்கட்டும், பால் மறந்ததும் தாய்க்கு ஆபரேஷன். அது வரை கேட்டின் இடைவெளியை அடைக்க வெல்டிங் வேலை தெரிந்த தம்பி ஒருவர் கம்பி வைத்துத் தருகிறார். ஆண் நாய்க்காரர்களில் சிலர் சம்மதித்துவிட்டார்கள், எதிர் வரிசை அண்ணன் இன்னும் இல்லை. அவர் நல்ல மனிதர், அவர் நாயின் மேல் உயிரையே வைத்திருக்கிறார், அதனால்தான் கத்தி வைக்கப் பயப்படுகிறார் என்று நினைக்கிறேன். அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ஆபரேஷனுக்கு முதல் நாள் ராத்திரிக்கு மேல் சோறு வைக்காதீர்கள், தையல் காயும் வரை நக்க விடாமல் கழுத்தில் புனல் மாதிரி இருக்கும் அந்தப் பிளாஸ்டிக் பட்டையை மாட்டி வையுங்கள், பத்துப் பதினான்கு நாளில் அது பழையபடி ஓடும். ஆபரேஷன் முடிந்தும் சில வாரத்துக்கு ஆண் நாயால் குட்டி உண்டாக்க முடியும், அது வரை கேட் மூடியே இருக்கட்டும்.

கோயில் வேனைத் தருவதாகத் தலைவர் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை பூஜை என்பதால் சனிக்கிழமை காலையில் சுங்கைப் பட்டாணிக்கு ஒரே வண்டியில் நாய்களைக் கொண்டு போகலாம் என்று பேசியிருக்கிறோம். கூண்டுதான் போதவில்லை. பாடாங் செராய், லூனாஸ் வட்டாரத்தில் யாரிடமாவது பயன்படுத்தாத கூண்டு இருந்தால் இரவல் கொடுங்கள், கழுவித் திருப்பித் தருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாடாங் செராய், கெடா