எழுத்தறியும் பெருமானின் ஊரில் கல்வெட்டைப் படித்துச் சொல்ல ஒரு பலகை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையின் கடற்கரைகளைப் பற்றி யார் எழுதினாலும் மெரினாவில் தொடங்கித் திருவான்மியூர், கோவளம், மாமல்லபுரம் என்று தெற்கு நோக்கியே போகிறார்கள். வடக்கே இருக்கும் திருவொற்றியூர் அவர்களுக்குப் புகைபோக்கியும் கன்டெய்னர் லாரியும்தான். இங்கே நாற்பது ஆண்டுகளாகக் குடியிருந்து, ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

அரசன் ஒருவன் ஊர்தோறும் வரி விதித்து ஓலை எழுதச் சொன்னபோது, வரிகளுக்கு நடுவே 'ஒற்றியூர் நீங்கலாக' என்று இறைவனே எழுதி வைத்தார் என்பது எங்கள் ஊரின் பழங்கதை. அதனால்தான் இங்குள்ள சிவனுக்கு எழுத்தறியும் பெருமான் என்று ஒரு பெயர். சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று சுந்தரர் மகிழ மரத்தடியில் சத்தியம் செய்ததும், அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் கண்ணிழந்ததும் மாசித் திருவிழாவின் மகிழடி சேவையில் ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகின்றன. விளக்குக்கு எண்ணெய் வாங்க வழியில்லாமல் தன் குருதியையே ஊற்ற முனைந்த கலிய நாயனார் இவ்வூர்க்காரர். பட்டினத்தார் அடங்கிய இடம் கடற்கரையில் இருக்கிறது. சென்னையிலிருந்து வள்ளலார் நடந்தே வந்து வழிபட்டதும் வடிவுடையம்மன் சந்நிதிதான். அந்த அம்மன்மீது தியாகராஜர் பாடிய ஐந்து கீர்த்தனைகள் இன்றும் கச்சேரிகளில் ஒலிக்கின்றன.

கதைகளைச் சொல்லப் பாட்டிமார் இருக்கிறார்கள். கல்வெட்டுகளைச் சொல்லத்தான் ஆள் இல்லை. தக்கோலப் போரில் (949) சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்டபோது அருகில் நின்று உயிர்விட முடியாமற்போன ஒரு சேர நாட்டுத் தளபதி, அந்தத் துயரம் தாளாமல் துறவு பூண்டு, சதுரானன பண்டிதர் என்ற பெயரோடு இங்குள்ள மடத்தின் தலைவரானார் என்று ஒரு கல்வெட்டு கூறுகிறது. முதலாம் இராசேந்திரன் காலத்தில் ஆதிபுரீசுவரர் விமானத்தைக் கருங்கல்லால் எழுப்பிய சிற்பி வீரசோழத் தச்சன் என்பதைச் சொல்வது இன்னொன்று. இலக்கணம் கற்பிப்பதற்கென்றே இந்தக் கோயிலில் வியாகரண தான வியாக்கியான மண்டபம் என ஒன்று இருந்ததும், அதைப் பேணுவதற்கு நிலம் விடப்பட்டதும் சோழர் காலக் கல்வெட்டில் உள்ள செய்தி. இன்றைய பேச்சில் சொன்னால் அது ஒரு கல்லூரி. வடசென்னைக்குப் படிப்பு வாசனை கிடையாது என்று வாய்கூசாமல் பேசுகிறவர்கள் அந்தச் சுவரின் முன்னால் ஒருமுறை வந்து நிற்க வேண்டும்.

கடந்த கார்த்திகைப் பௌர்ணமியன்று, புற்றுவடிவான மூலவரின் கவசம் திறக்கப்படும் அந்த மூன்று நாட்களில் ஒரு நாள், புனுகும் சாம்பிராணித் தைலமும் மணக்கும் சந்நிதியை வணங்கிவிட்டு வெளியே சுற்றி வந்துகொண்டிருந்தேன். கல்லூரி மாணவி ஒருத்தி சுவர் எழுத்தின்மேல் விரலை ஓட்டியபடி, "ஐயா, இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள். 'ஸ்வஸ்திஸ்ரீ' என்ற முதல் சொல்லுக்கு மேல் எனக்கும் படிக்கத் தெரியவில்லை. அவள் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து அது மனத்தை அறுக்கிறது.

தொழிலின் வரலாறும் இப்படித்தான் வாய்வழியாக மட்டும் நிற்கிறது. 1946-இல் இங்கே ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கியதுதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனமாயிற்று. 1955-இல் உருவான என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட் வண்டிகள் எங்கள் ஊர்த் தொழிலாளர் கையால் உருவாகி நாடெங்கும் ஓடின. தீப்பெட்டி செய்த விம்கோவின் பெயரை ஒரு நகரும் ரயில் நிலையமும் தாங்கி நிற்கின்றன. காலடிப்பேட்டை என்பதே, கவர்னர் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றியதால் வந்த பெயர். ஆலைச் சங்கு கேட்டு உலை வைத்த வீடுகள் இங்கே ஏராளம். அந்தத் தலைமுறை ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறது.

2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் வந்தது; அடுத்த ஆண்டு தேரடி நிலையமும் திறக்கப்பட்டது. வெளியூர்க்காரர் தேரடியில் இறங்கினால் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். பட்டினத்தார் சமாதியையும் பார்த்துவிட்டு, எண்ணூர் முகத்துவாரம் வழியாகப் பழவேற்காட்டின் ஏரிக்கும் டச்சுக்காரர் கல்லறைகளுக்கும் ஒரே நாளில் போய் வர முடியும்.

எனவே அறநிலையத் துறைக்கும் தொல்லியல் துறைக்கும் தங்கள் நாளிதழ் வழியாக நான் வைக்கும் கோரிக்கை பெரிய செலவு பிடிப்பதன்று. முக்கியமான கல்வெட்டுகளுக்கு அருகே, சுவரைத் துளையிடாமல், மூல வாசகத்தையும் எளிய தமிழில் அதன் பொருளையும் தாங்கிய பலகைகளை நிறுத்த வேண்டும். வடசென்னைக் கல்லூரிகளில் தமிழும் வரலாறும் படிக்கும் மாணவர்களுக்குக் கல்வெட்டு வாசிக்கப் பயிற்சி தந்து, விழா நாட்களில் வருவோருக்கு விளக்கிச் சொல்ல அமர்த்தலாம். அடுத்த கார்த்திகைப் பௌர்ணமிக்குள் ஒரேயொரு பலகையாவது வைக்க முடியுமென்றால், அது அந்த இலக்கண மண்டபத்தைப் பற்றியதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர்,
காலடிப்பேட்டை, சென்னை – 600 019.