போனைப் பூட்டி வைத்துவிட்டு ஊட்டிக்குப் போனோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விடுமுறைக்கு வெளியூர் போகும்போது ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பிள்ளைகளின் செல்போனை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போங்கள் என்று சென்ற வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய ஆதங்கம் எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் அதே காரியத்தை 2024 மே மாதம் நாங்கள் செய்து பார்த்தோம். அது எப்படி முடிந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஈரோட்டிலிருந்து காரில் ஊட்டிக்குக் கிளம்பினோம். நான், என் கணவர், மாமனார், அப்போதுதான் ஒன்பதாவது முடித்திருந்த மகன். முதல் நாள் ராத்திரியே அவன் போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டியாயிற்று. அவன் சண்டை போடவில்லை. காரில் ஏறினதும் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான், மேட்டுப்பாளையம் தாண்டும்வரை வாயே திறக்கவில்லை. கல்லாறு சோதனைச்சாவடியில் இ-பாஸ் கேட்டார்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்பது உயர் நீதிமன்ற உத்தரவுப்படி அந்த மே 7ஆம் தேதியிலிருந்துதான் நடைமுறைக்கு வந்திருந்தது, செய்தியில் பார்த்தும் எங்களுக்கு மறந்துவிட்டது. வண்டியை ஓரங்கட்டி என் கணவர் கால் மணி நேரம் போனோடு தடுமாறினார். கடைசியில் மகனிடம் நீட்டி, "இதக் கொஞ்சம் எடுத்துக் குடுடா" என்றார். அவன் வண்டி நம்பர், எத்தனை பேர், எங்கே தங்குகிறோம் என்று மளமளவென்று போட்டு வாங்கிக் கொடுத்தான். பாஸ் வந்த அடுத்த நிமிஷமே போனை அவன் கையிலிருந்து திரும்ப வாங்கிவிட்டோம். அப்போது அவன் முகம் போன விதம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

சரி, அவன் போன் வீட்டில் இருந்தது, எங்கள் போன்கள்? கணவருக்கு ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப் ஓயவில்லை. தொட்டபெட்டாவில் நின்றுகொண்டு நான் ஸ்டேட்டஸில் படம் ஏற்றிக்கொண்டிருந்தேன், எத்தனை பேர் பார்த்தார்கள் என்றும் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நாளும் அவன் எங்களோடுதான் இருந்தான், ஆனால் எதிலும் ஒட்டவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் மாமனார்தான் சொன்னார், "அவனுக்கு அங்க என்ன வேலை குடுத்தீங்க?" என்று. அவர் லேத் பட்டறை வைத்திருந்தவர், வேலை இல்லாமல் ஒருத்தரை உட்கார வைப்பது அவருக்குப் பொறுக்காது. யோசித்துப் பார்த்தேன். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது வெளியூர் போனால் ஆளுக்கொரு வேலை இருக்கும். ரயில் நிற்கும்போது ஓடிப்போய்க் குழாயில் தண்ணீர் பிடிப்பது, பெட்டி பைகளை எண்ணுவது, சின்னத் தம்பியின் கையை விடாமல் பிடித்திருப்பது, இன்னும் எத்தனை ஸ்டேஷன் என்று எண்ணிக்கொண்டே வருவது. இன்றைக்கு டிக்கெட், அறை, வழி எல்லாமே போனில் அப்பா அம்மா முடித்துவிடுகிறோம். பதினைந்து வயதுப் பையனையும் ஒரு சாமான் மாதிரி ஏற்றி இறக்குகிறோம். கையில் போன் இருந்தால் அதில் விழுவான், இல்லையென்றால் தூங்குவான். வேறு என்ன செய்வான்?

அதனால் 2025 மே மாதம் வேறு மாதிரி செய்தோம். மலை ரயிலில் போகலாம் என்று முடிவு செய்து, டிக்கெட் எடுக்கும் பொறுப்பை அவனிடமே விட்டோம். முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது, கோடையில் அந்த ரயிலில் இடம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று முயற்சி செய்தவர்களுக்குத் தெரியும். பொதுத்தேர்வு நேரம் வேறு. முன்பதிவு திறக்கும் அன்றைக்குக் காலை 8 மணிக்கு முன்பே எழுந்து உட்கார்ந்து நாலு பேருக்கும் எடுத்துவிட்டான். பயணம் அங்கேயே அவனுடையதாகிவிட்டது.

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்கு ரயில். கல்லாறு வரை காதில் இயர்போன்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு மேல் செங்குத்தான ஏற்றம், பல் வைத்த தண்டவாளம் தொடங்குகிறது, போன் சிக்னலும் வருவதும் போவதுமாக ஆகிவிட்டது. இன்ஜின் பின்னால் இருந்து தள்ளுகிறது என்பதை அவன் அப்போதுதான் கவனித்தான். ஏன் இழுக்காமல் தள்ளுகிறது என்று தாத்தாவைக் கேட்டான். அவருக்குச் சொல்லவா வேண்டும்! ஏறும்போது இணைப்பு அறுந்தால் பெட்டி பின்னால் உருண்டுவிடாதா, இன்ஜின் கீழ்ப்பக்கம் நின்றால் தாங்கிக்கொள்ளும் என்று ஆரம்பித்து, பல் சக்கரம் பல்லில் கடித்து ஏறுவதை விரல்களைக் கோத்துக் காட்டினார். ஹில்குரோவ் ஸ்டேஷனில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நிறுத்தியபோது இரண்டு பேரும் இறங்கிப் போனார்கள். ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் பிரேக் பிடிக்க ஒருவர் நிற்கிறார் அல்லவா, அவரிடம் போய் இவனே பேச்சுக் கொடுத்தான். எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்தான், எடுக்கட்டுமே. 16 சுரங்கத்திலும் பெட்டியே சேர்ந்து கத்தியது, அவனும் கத்தினான்.

இன்னொரு விஷயம் பெற்றோருக்குத் தெரிய வேண்டும். என் அண்ணன் மகள் ஸ்நாப்சாட்டில் 'ஸ்ட்ரீக்' என்று ஒன்று வைத்திருக்கிறாள். இரண்டு பேரும் 24 மணி நேரத்துக்குள் ஒருவருக்கொருவர் படம் அனுப்பிக்கொண்டே இருந்தால்தான் அந்த எண்ணிக்கை ஏறும், ஒரு நாள் விட்டால் போய்விடும். டூரில் போனைத் தரமாட்டார்கள் என்று தெரிந்ததும் அவள் தன் கணக்கின் பாஸ்வேர்டையே தோழியிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள், எனக்குப் பகீரென்றது. போனைப் பிடுங்குகிறவர்கள் இதையெல்லாம் முதலில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அந்த வயதில் நண்பர்கள்தான் அவர்களுக்கு உலகம், நான்கு நாள் திடீரென்று காணாமல் போவது அவர்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியாது. ராத்திரி அறைக்கு வந்த பிறகு ஒரு மணி நேரம் அவர்களுக்கு என்று விட்டுவிடலாம்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரே ஒரு கட்டுப்பாடு. சாப்பிட உட்கார்ந்தால் எல்லார் போனும் என் கைப்பைக்குள் போக வேண்டும், கணவருடையதும் சேர்த்து. அவருக்குத்தான் இது ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. குன்னூரில் மத்தியானச் சாப்பாட்டின்போது ஆபீஸிலிருந்து மூன்று முறை பை அதிர்ந்தது, அவர் எழுந்திருக்கவில்லை. மகன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அரையாண்டு லீவுக்கு ராமேஸ்வரம் போவதாக இருக்கிறோம். பாம்பனில் புதுப் பாலம் திறந்ததிலிருந்து அதில் ரயிலில் போக வேண்டும் என்பது மாமனாரின் ஆசை. எந்த ரயில், எத்தனை மணிக்கு என்று பேரனும் அவரும் இப்போதே பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈரோடு.