கொம்பு இருந்தது, குதிரைதான் இல்லை

மயிலாடுதுறை

அன்பு மகள் கயலுக்கு,

கோபன்ஹேகனில், நெற்றியில் ஒற்றைக் கொம்புள்ள கதைக் குதிரையான யூனிகார்னின் கொம்பால் ஆனதென்று பேர்பெற்ற ரோசன்போர்க் அரண்மனைச் சிம்மாசனத்தை, டென்மார்க் அரசர்களின் சிம்மாசனத்தை, பார்த்துவிட்டு வந்த பேத்தி, "இது யூனிகார்ன் கொம்பு இல்லையென்றால் ராஜாவை ஏமாற்றியது யார்?" என்று கேட்டு உன்னைத் துளைத்தெடுப்பதாக எழுதியிருந்தாய். விலங்கியல் பாடம் நடத்தியே காலத்தைக் கழித்தவனிடம் இப்படியொரு கேள்வி வந்தால் விடுவேனா? அவளுக்கு நீ நிதானமாக எடுத்துச் சொல்வதற்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கொம்பு யாருடையது என்பதைச் சொல்லிவிடு. கிரீன்லாந்தையும் வட கனடாவையும் சூழ்ந்த ஆர்க்டிக் கடலில், பனிப்பாளங்களுக்கு நடுவே வாழும் நார்வால் என்னும் திமிங்கிலத்தின் பல் அது. நான்கைந்து மீட்டர் நீளமும் புள்ளி விழுந்த சாம்பல் நிறத் தோலும் கொண்ட இந்தப் பிராணியின் மேல்தாடையில், வலப்பக்கத்துக் கோரைப்பல் பெரும்பாலும் எலும்புக்குள்ளேயே புதைந்து கிடக்க, ஆணுக்கு இடப்பக்கத்துப் பல் மட்டும் மேலுதட்டைத் துளைத்து வெளியே வந்து, முறுக்கிய கயிற்றைப்போல் புரிபுரியாக 3 மீட்டர் வரை வளர்கிறது. பெண்ணுக்குப் பொதுவாக வெளியே வளர்வதில்லை. கடல்நீரின் உப்பு கூடுவதையும் குறைவதையும் இந்தப் பல் உணர்வதாக அண்மைக்கால ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் பெரும்பாலும் ஆணுக்கே இப்படி வளர்வதைப் பார்க்கும்போது, பெண்ணைக் கவரும் மயில் தோகையையும் போட்டி ஆணோடு மோதும் மான் கொம்பையும் சேர்க்கும் வரிசையில்தான் இதையும் நான் முதலில் சேர்ப்பேன்.

கதை மட்டும் இந்தக் கடலில் பிறக்கவில்லை. ஏறத்தாழ கி.மு. 400இல் பாரசீக அரசவையில் வைத்தியராக இருந்த டெசியாஸ் என்ற கிரேக்கர், இந்தியாவுக்கு வராமலேயே இந்தியாவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வெள்ளை உடலும் சிவந்த தலையும் நீலக் கண்ணும் கொண்ட காட்டுக்கழுதை ஒன்று அங்கே உண்டு என்றும், அதன் நெற்றிக் கொம்பில் செய்த கிண்ணத்தில் குடிப்பவனை நஞ்சு அண்டாது என்றும் அதில் குறித்தார். வழிப்போக்கர்களும் வணிகர்களும் சொன்னதை வைத்து அவர் வரைந்த இந்த உருவத்துக்கு அடியில் இருப்பது நம் காண்டாமிருகம்தான் என்பது பரவலான கருத்து; எனக்கும் அதில் ஐயம் இல்லை. ஐரோப்பாவின் இடைக்காலக் கதைசொல்லிகள் அந்தக் கழுதையை வெண்ணிறக் குதிரைபோல் ஆக்கி, கன்னிப்பெண்ணின் மடியில் மட்டுமே அது தலைசாய்க்கும் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுமத்ராவில் காண்டாமிருகத்தை நேரில் கண்ட மார்கோ போலோ, எருமை மயிரும் யானைக் காலுமாகச் சேற்றில் புரளும் அதுதான் யூனிகார்ன் என்று நம்பி, தன் ஊரில் சொல்லும் கதைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையே என்று அலுத்துக்கொண்டார். (காண்டாமிருகத்துக்கு இந்த வேடம் போதவில்லைபோலும். ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட் நகரில், பனியுகக் காண்டாமிருகத்தின் மண்டையோடு ஒன்றை டிராகனின் தலை என்று மக்கள் பாதுகாத்து வைத்திருந்தார்கள். அங்குள்ள டிராகன் சிலையின் தலைக்கு அதுவே மாதிரி.)

ஆக, கொம்பில்லாத கதை ஐரோப்பாவில் உலவிக்கொண்டிருந்தது. கதையில்லாத கொம்பு வடகடலில் கிடந்தது. 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிரீன்லாந்தில் குடியேறிய, ஸ்காண்டிநேவியாவைச் சேர்ந்த நார்ஸ் மக்கள் வால்ரஸ் என்னும் கடற்பிராணியின் தந்தத்தோடு நார்வால் தந்தத்தையும் தெற்கே அனுப்பத் தொடங்கியபோது இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொண்டன. திமிங்கிலத்தை வெட்டியவனுக்கு அது பல் என்று நன்றாகத் தெரியும். ஆனால் பாரிஸிலும் லண்டனிலும் வாங்கியவர்கள் கண்டது தலையும் உடலும் இல்லாத தனிக் கொம்பை மட்டுமே. ஒரே ஒரு முழு மண்டையோடு கூடவே வந்திருந்தால் இந்த வியாபாரம் அன்றே படுத்திருக்கும்.

வியாபாரம் சாதாரணமானதும் அன்று. உணவில் யார் எதைக் கலப்பார்களோ என்ற அச்சத்தில் வாழ்ந்த அரசர்களுக்கு நஞ்சுமுறிவு என்ற சொல் ஒன்றே போதுமானதாக இருந்தது. முதலாம் எலிசபெத் ராணியின் வின்ட்சர் கோட்டைக் கொம்புக்கு 10,000 பவுண்டு மதிப்பு சொன்னார்கள். 1577இல் ஆங்கிலேய மாலுமி மார்ட்டின் ஃபிரோபிஷரின் கப்பலாட்கள் கனடாவின் வடகரையில் செத்து ஒதுங்கிய நார்வால் ஒன்றைக் கண்டு, அதன் கொம்புக்குள், நஞ்சுள்ளவை என்று கருதப்பட்ட சிலந்திகளைப் போட்டுப் பார்த்தார்கள். சிலந்திகள் செத்தன, எனவே கொம்பு அசல் என்று முடிவாயிற்று. பிராணியின் உடல் கண்ணெதிரே கிடக்கும்போதே அவர்கள் அதைக் கடல் யூனிகார்ன் என்று சொல்லிவிட்டு, கொம்பை ராணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பிரான்சில் அம்புரோஸ் பாரே என்ற அறுவை மருத்துவர் கொம்பு ஊறிய நீரில், அதேபோல் நஞ்சுள்ளதாகக் கருதப்பட்ட தேரையை விட்டுப் பார்த்தார். அது நாள்கணக்கில் துள்ளிக்கொண்டிருந்தது. 1582இல் அவர் இந்த மருந்தே வீண் என்று எழுதினார், பலருடைய கோபத்தையும் வாங்கிக்கட்டிக்கொண்டார்.

அடுத்து நடந்தது நீ இருக்கும் கோபன்ஹேகனில். 1638இல் ஓல வோர்ம் என்ற டேனிஷ் மருத்துவர், நார்வாலின் மண்டையோட்டில் கொம்பு பதிந்திருப்பதைக் காட்டி, இது யூனிகார்ன் அன்று, கடல் பிராணியின் பல் என்று நிறுவினார். அப்போது டென்மார்க்கை ஆண்ட அரசர் நான்காம் கிறிஸ்டியன். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து நம் தரங்கம்பாடியில் கோட்டை எழுப்பியது அவருடைய ஆட்களே. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி என்னவென்றால், அவ்வளவு தெளிவாகப் பல் என்று காட்டிய வோர்ம், நஞ்சுமுறிவை மட்டும் கைவிட மனமில்லாமல், பிராணிகளுக்கு நஞ்சூட்டிக் கொம்புப் பொடி கொடுத்து, அவை பிழைத்ததாகவும் எழுதிவைத்தார்.

இனி பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். சிம்மாசன வேலை தொடங்கியது 1662இல். அதில் முடிசூட்டு விழா முதலில் நடந்தது 1671இல், ஐந்தாம் கிறிஸ்டியனுக்கு. அதாவது வோர்ம் உண்மையைச் சொல்லி இருபது ஆண்டுகள் கடந்த பிறகு, அதே நகரத்தில், கிரீன்லாந்துக்கு உரிமை கொண்டாடிய அதே அரசகுலம் அந்தத் தந்தங்களைத் தேர்ந்தெடுத்தது. எனவே ராஜாவை யாரும் ஏமாற்றவில்லை என்றே சொல். அவருக்கு அது பல் என்று தெரிந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. பார்க்க வந்தவர்கள் கொம்பு என்று நினைத்தால் அவருக்கு நட்டமில்லை. 1840 வரை அதில்தான் முடிசூட்டு விழா நடந்தது.

அடுத்த முறை போகும்போது, சிம்மாசனத்தின் தூண்களில் புரி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று அவளைப் பார்க்கச் சொல். அடியிலிருந்து நுனியை நோக்கினால் நார்வால் தந்தம் இடப்பக்கமாகவே முறுக்கிக்கொண்டு போகும்; அபூர்வமாக இரண்டு தந்தம் வளர்ந்த பிராணியிலும் இரண்டுமே இடப்பக்கம்தான். தச்சர்கள் சில துண்டுகளைத் தலைகீழாகப் பொருத்தியிருந்தாலும் புரியின் போக்கு மாறாது; அது ஏன் என்பதை ஒரு ஸ்க்ரூவைக் கையில் கொடுத்து அவளையே கண்டுபிடிக்க விடு. என்ன சொன்னாள் என்று எனக்கு எழுது. அம்மாவும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா