ஆறு ஊர்களில் நான்கை அடித்துவிட்டேன், வசந்தா

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. உள்ளே மடித்து வைத்திருந்த பயணப் பட்டியலைப் படித்துவிட்டுத்தான் கடிதத்துக்கே வந்தேன். 61 வயதில் முதல் பாஸ்போர்ட்! விரல் ரேகை பதியவில்லை என்று மூன்று முறை கையைத் துடைக்கச் சொன்னார்களாமே. இத்தனை வருடம் பாத்திரம் தேய்த்த கையில் ரேகை மிச்சம் இருந்ததே பெரிது.

என் பக்கத்தில் ஒரே செய்தி, இடது கண்ணுக்குப் புரை எடுத்தாகிவிட்டது. சமையலறைச் சுவர் பழுப்பேறிவிட்டது, வெள்ளையடிக்க வேண்டும் என்று இரண்டு வருடமாக வீட்டுக்காரரை நச்சரித்துக்கொண்டிருந்தேன் அல்லவா? கட்டைப் பிரித்துவிட்டு வந்து பார்த்தால் சுவர் பளிச்சென்று வெள்ளையாக இருக்கிறது. பழுப்பு என் கண்ணில்தான் இருந்திருக்கிறது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சுவரைக் காட்டிச் சிரித்ததோடு சரி. வலது கண்ணுக்குத் தையில் நாள் குறித்திருக்கிறார்கள்.

சரி, உன் மலேசியப் பயணத்தைப் பற்றிப் பேசுவோம். டிசம்பர் கடைசி வாரம், ஐந்து இரவுகள். கோலாலம்பூர், மலாக்கா, கேமரன் மலை, பினாங்கு, லங்காவி, பெர்ஹெந்தியான் தீவு. உன் மகன் போட்டுக் கொடுத்த பட்டியல்தானே? பிள்ளை கெட்டிக்காரன். ஆனால் வரைபடத்தைப் பார்த்திருக்கிறானே தவிர, கடிகாரத்தையும் காற்றையும் பார்க்கவில்லை. நான் ஒரு தாளில் கூட்டிப் பார்த்தேன். மலாக்கா போய்வர நான்கு மணி நேரம். கேமரன் மலைக்கு வளைவு வளைவாக பஸ்ஸில் இன்னொரு நான்கு. அங்கிருந்து பினாங்குக்கு அதே அளவு. லங்காவியில் இருந்து பெர்ஹெந்தியானுக்குப் படகு, பிறகு தீபகற்பத்தின் குறுக்கே நாள் முழுக்கச் சாலை, மறுபடியும் படகு. எல்லாம் சேர்த்தால் 24 மணி நேரத்துக்குக் குறையாது. ஐந்து நாளில் ஒரு முழு நாளை ஜன்னலோர இருக்கையில் கழிக்கவா முதல் முறை கடல் தாண்டுகிறாய்?

கோபித்துக்கொள்ளாதே, உன் பட்டியலில் பென்சிலால் கை வைத்துவிட்டேன். முதலில் அடித்தது பெர்ஹெந்தியான். அதற்குக் காரணம் தூரம்கூட இல்லை. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை தரும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் தென்சீனக் கடலின் ஈரத்தை வாரிக்கொண்டு போய் மலேசியத் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் கொட்டுகிறது. ஏறக்குறைய நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் தீவுகளில் கடல் கொந்தளிக்கும். பெரும்பாலான விடுதிகள் கதவைச் சாத்திவிடும். உன் மகன் அனுப்பிய நீலக் கடல் படம் ஏதோ ஒரு மே, ஜூன் மாதத்தில் எடுத்ததாக இருக்கும். இந்தப் பருவக்காற்றுக் காலத்தில் மேற்குக் கரைக்கு அவ்வளவு சேதமில்லை. நடுவில் தித்திவாங்சா மலைத்தொடர் நின்று காற்றைத் தடுக்கிறது. அதனால்தான் கிழக்கே வெள்ளம் என்று செய்தி வருகிற வாரத்திலும் பினாங்கில் வெயில் அடிக்கலாம். “வெப்ப மண்டல நாடுதானே, எப்போது போனாலும் ஒன்றுதான்” என்று நீ எழுதிய வரியை நானும் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தவள்தான். வெயில் ஒன்றுதான், மழை அப்படி அல்ல.

அடுத்து கேமரன் மலை. தேயிலைத் தோட்டமும் குளிரும் பார்க்க நாம் விமானம் ஏற வேண்டியதில்லை. லங்காவியும் மலாக்காவும் நல்ல ஊர்கள்தான், அடுத்த பயணத்துக்கு இருக்கட்டும். கோலாலம்பூரில் இரண்டு இரவு, பினாங்கில் மூன்று இரவு. அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவே விமானம் வேண்டாம், ரயிலில் போ. கோலாலம்பூர் சென்ட்ரலில் ஏறினால் சுமார் நான்கு மணி நேரத்தில் பட்டர்வொர்த். அங்கே இறங்கி ஃபெர்ரியில் நீரிணையைக் கடந்தால் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன். ரயில் டிக்கெட்டை மட்டும் முன்பே எடுத்துவிடு. வருடக் கடைசியில் அந்த நாட்டுக்காரர்களே ஊர் ஊராகக் கிளம்பிவிடுவார்கள்.

மழையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே மழை நம் ஊர் அடைமழை போல இரண்டு நாள் சிணுங்குவதில்லை. காலையில் வானம் துடைத்து வைத்தது போல இருக்கும். வெயில் ஏற ஏற நிலத்தின் ஈரம் மேலே போய், பிற்பகலில் மேகம் கறுத்து, மூன்று நான்கு மணிக்கு இடி இடிக்கும். ஒரு மணி நேரம் போல வெளுத்து வாங்கிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல வெளிச்சம் வந்துவிடும். தினமும் வரும் என்றில்லை, ஆனால் வருவதாகவே வைத்துத் திட்டம் போடு. வெளியே நடக்கிற வேலை எல்லாம் காலையில். பிற்பகலில் அருங்காட்சியகம், கடைவீதி, இல்லையென்றால் அறையில் தூக்கம்.

நான் போனபோது இந்த அறிவு எனக்கு இல்லை. அடுக்கடுக்காகப் பருத்திப் புடவைகளை எடுத்துப் போயிருந்தேன். இரண்டாம் நாள் மாலை தொப்பலாக நனைந்தேன். புடவையை இரவு முழுக்க மின்விசிறிக்கு அடியில் போட்டும் காலையில் கொசுவம் ஈரமாகவே இருந்தது. காற்றிலேயே அவ்வளவு ஈரம், துணி எங்கே காயும்? பாலித்தீன் பையில் சுருட்டிப் பெட்டிக்குள் திணித்தேன். நான்காம் நாள் அந்தப் பையைத் திறந்ததும் என் வீட்டுக்காரர் எதுவும் பேசாமல் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். நீ சீக்கிரம் காய்கிற சுடிதார்களாக மூன்று எடுத்துக்கொள். ஒரு சால்வை கட்டாயம் வேண்டும். வெளியே வியர்த்து வழிந்தால், பஸ்ஸுக்குள்ளும் கடைகளுக்குள்ளும் பல் கிட்டுகிற அளவுக்குக் குளிரூட்டி வைத்திருப்பார்கள். பள்ளிவாசல் பார்க்கப் போனால் தலையை மூடவும் அதுவே உதவும்.

இன்னொரு வேடிக்கை கடிகாரம். நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அதைவிட விசேஷம், சூரியனைவிடவும் அவர்கள் முன்னால்தான்! 1982 ஜனவரி 1 அன்று தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, போர்னியோ பக்கத்து நேரத்தோடு சேர்த்துவிட்டார்கள். அதனால் காலை ஏழு மணிக்கு மேல்தான் விடிகிறது, மாலை ஏழு தாண்டித்தான் இருட்டுகிறது. நீ வழக்கம் போல ஐந்துக்கு எழுந்து குளித்துத் தலை வாரி உட்கார்ந்திருந்தால் கும்மிருட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாய்.

அண்ணனுக்குப் பத்துமலை முருகனைப் பார்க்க ஆசை என்று எழுதியிருந்தாய். 272 படிகள், செங்குத்து. முட்டிவலிக்காரர் ஏறியே தீர வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. 140 அடி முருகன் கீழே அடிவாரத்தில்தான் நிற்கிறார். அங்கேயே கும்பிட்டுவிட்டு ஒரு நிழலில் உட்காரச் சொல், நீ ஏறிப் போய்விட்டு வா. சென்ட்ரலில் இருந்து கம்யூட்டர் ரயில் நேரே கோயில் வாசலில் கொண்டுவிடும். விடிந்ததும் கிளம்பிவிட்டால் வெயிலும் கூட்டமும் இருக்காது. குரங்குகள் இருக்கும். கையில் பூவோ பழமோ பாலித்தீன் பையோ வைத்துக்கொள்ளாதே, உரிமையோடு வாங்கிக்கொண்டு போய்விடும். பயணத்தைத் தைக்குத் தள்ளினால் தைப்பூசம் எப்போது வருகிறது என்று பார்த்துக்கொள். லட்சக்கணக்கில் கூடுவார்கள், அறை கிடைப்பது குதிரைக்கொம்பு.

பினாங்கில் உனக்கு மொழிக் கவலையே வேண்டாம். அங்குள்ள தமிழர்கள் “பசியாறிவிட்டீர்களா?” என்றுதான் விசாரிப்பார்கள். எவ்வளவு அழகான சொல், நாம் தொலைத்துவிட்டோம். ரிங்கிட்டை “வெள்ளி” என்பார்கள். “பத்து வெள்ளி” என்றதும் நான் ஒரு நொடி விழித்தேன். மலாய்ப் பெயர்ப்பலகைகளில் ‘கெடாய்’ என்று கண்ணில் படும். நம் கடைதான் அது. கப்பல் அங்கே ‘காப்பால்’, கட்டில் ‘காத்தில்’. தமிழாசிரியையான நீ பலகை பலகையாக நின்றுவிடுவாய், அண்ணன்தான் பாவம்.

ஜார்ஜ் டவுன் பழைய கடைவீடுகளின் முன்னால் கூரை போட்ட நடைபாதை இருக்கும். ஐந்தடி அகலம் என்ற கணக்கில் ‘அஞ்சடி’ என்று பெயர். வெயிலுக்கும் மழைக்கும் அந்தக் காலத்திலேயே கட்டி வைத்திருக்கிறார்கள். மழை பிடித்துக்கொண்டால் அதிலேயே ஒதுங்கி ஒதுங்கித் தெருக்கோடி வரை போய்விடலாம். ஆனால் வீட்டுக்கு வீடு தரை ஒரு படி ஏறும், ஒரு படி இறங்கும். நடுவில் மோட்டார் சைக்கிள் நிற்கும். கீழே பார்த்தே நட.

சில்லறை விஷயங்களையும் எழுதிவிடுகிறேன். 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். இந்தச் சலுகைக்குக் கடைசித் தேதி உண்டு, அவ்வப்போது நீட்டித்து வருகிறார்கள். ஆகவே டிக்கெட் எடுக்கும் முன் தூதரகத் தளத்தில் மகனைப் பார்க்கச் சொல். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கிற தளம் வந்தால் மூடிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். விடுதியில் வெளிநாட்டவரிடம் ஓர் இரவுக்கு, ஓர் அறைக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாக வாங்குவார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று அண்ணன் சண்டைக்குப் போகாமல் பார்த்துக்கொள். அங்குள்ள மின்சாரப் பிளக் தட்டையான மூன்று முனை உள்ளது, நம் சார்ஜர் நுழையாது. அடாப்டர் ஒன்று இங்கேயே வாங்கிவிடு. டெங்கு அங்கும் உண்டு, அந்தக் கொசு பகலில்தான் கடிக்கும். கொசு விரட்டிக் களிம்பைக் காலையிலேயே பூசிக்கொள். அண்ணனின் இரத்த அழுத்த மாத்திரையைக் கைப்பையில் வை, மருத்துவர் சீட்டோடு. டுரியான் பழம் சாப்பிடுவதானால் தெருவிலேயே சாப்பிட்டு முடித்துவிடு. பல விடுதிகளில் அதன் படத்துக்குக் குறுக்கே கோடு போட்டு வாசலிலேயே ஒட்டியிருப்பார்கள். என்னைக் கேட்டால் அந்தக் கோடு நியாயமானது.

நான்கு ஊர்களை அடித்துவிட்டு நானே ஒன்றைச் சேர்க்கப் போகிறேன், திட்டாதே. பினாங்கில் இருந்து வடக்கே ஒரு மணி நேரச் சொச்சம் காரில் போனால் கெடா மாநிலத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு. நம் கடாரம். 1025-இல் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் போன இடம் என்று வகுப்பில் எத்தனை முறை நடத்தியிருப்பாய்! ஜெராய் மலை அடிவாரத்தில் பழைய கோயில் ஒன்றின் அடித்தளத்தை மறுபடியும் அடுக்கி நிறுத்தியிருக்கிறார்கள், பக்கத்திலேயே அருங்காட்சியகம். நான் போன தடவை மலாக்காவுக்கும் கேமரன் மலைக்கும் ஓடிய ஓட்டத்தில் அதை விட்டுவிட்டேன். உன் கடைசி நாளில் மதியம் வரை வேறு வேலை இல்லை என்பதைப் பட்டியலில் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

என் நீலப் பெட்டியைக் கேட்டிருந்தாய். தாராளமாக எடுத்துக்கொள். இடது பக்கச் சக்கரம் கொஞ்சம் இழுக்கும், ஃபெர்ரிக்குப் போகிற பாதையில் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டியிருக்கும். சக்கரத்தைச் சரிசெய்து தருவதாக வீட்டுக்காரர் சொல்கிறார். சுவருக்கு வெள்ளையடிக்கிற வேலை இல்லாமல் போனதில் அவருக்கு நேரம் நிறைய இருக்கிறது. திரும்பி வரும்போது அந்தப் பெட்டியில் பினாங்கு ஜாதிக்காய் வற்றல் ஒரு பொட்டலம் இருக்கட்டும். சர்க்கரை போட்டது அல்ல, உப்புப் போட்டது.

உன்,
கமலா