சுவிட்சர்லாந்து தாவோஸில் இருக்கும் தம்பிக்கு

அன்புள்ள செந்திலுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். சேலையூர் விஷயம் ஒருவழியாக முடிந்தது, சித்தப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். அக்கா பொங்கலுக்கு வருகிறாள். மற்றதை அவளே உனக்குச் சொல்வாள்.

போன ஞாயிறு "நல்லா இருக்கேன்மா" என்று சொல்லி வைத்துவிட்டாய். அதற்கு முந்தின ஞாயிறும் அதேதான். வேலை அதிகம் இருக்கும், சரி. வைஸ்ஃப்ளூயோக் மலை மேல் 1936-லேயே கொட்டகை போட்டுப் பனியை ஆராய ஆரம்பித்தார்கள், அந்த நிலையத்தில்தான் என் பிள்ளை இருக்கிறான் என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். பெருமைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. அம்மாவிடம் பத்து நிமிஷம் பேசத்தான் உனக்கு நேரம் இல்லை.

நீ பேசாததால் உன் ஊரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். பனிச்சறுக்கு, பெரிய மனிதர்கள் மாநாடு என்றுதான் எல்லோருக்கும் தாவோஸைத் தெரியும். முதலில் அது டி.பி. நோயாளிகளின் ஊர், தம்பி. அந்த வகையில் டி.பி. வார்டு நர்ஸான எனக்கும் சொந்த ஊர் மாதிரிதான். ஜெர்மனியில் நடந்த புரட்சியில் சேர்ந்து, தப்பித்து வந்த ஷ்பெங்லர் என்பவர் 1853-ல் அங்கே வைத்தியராக வந்தார். பள்ளத்தாக்கு ஜனங்களுக்கு டி.பி. வருவதே அபூர்வம் என்று கவனித்தார். 1865 பிப்ரவரியில், நடுக்குளிரில், இரண்டு ஜெர்மன் நோயாளிகள் வந்து சேர்ந்தார்கள். குளிர்காலத்தில் யார் மலைக்குப் போவார்கள் என்றிருந்த காலம் அது. அவர்களுக்கு உடம்பு தேறியதைக் கேட்டு மற்றவர்களும் வர ஆரம்பித்தார்கள்.

ஹோல்ஸ்போயர் என்ற டச்சுக்காரர் இளம் மனைவியைக் காப்பாற்ற அங்கே கூட்டி வந்தார். அந்தப் பெண் பிழைக்கவில்லை. அவர் ஊரை விட்டுப் போகாமல் டாக்டரோடு சேர்ந்து ஆஸ்பத்திரி கட்டினார். 1890-ல் ஊருக்கு ரயில் வந்ததும் அவரால்தான். நீ ஏறி இறங்கும் அதே பாதை.

நோயாளிகள் பால்கனியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு மணிக்கணக்காகப் படுத்திருப்பார்களாம். சளி துப்ப ஆளுக்கொரு நீலக் கண்ணாடிக் குப்பி, மூடி போட்டது, சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். 'நீல ஹைன்ரிஷ்' என்று அதற்கு ஒரு செல்லப்பெயர். நான் பார்த்ததெல்லாம் எங்கள் வார்டில் கட்டிலுக்கு அடியில் இருக்கும் குவளைதான். அவர்கள் அப்படிப் படுத்திருந்த காலத்திலேயே, 1934-ல், சறுக்க வந்தவர்களை மேட்டுக்கு இழுத்துப்போகும் லிஃப்டும் அதே ஊரில் வந்துவிட்டது.

வெயில் வரும்போது வெளியே போய் உட்கார். காலையில் எதையாவது சாப்பிட்டுவிட்டுப் போ.

கிர்ஷ்னர் என்ற ஓவியரைப் பற்றியும் படித்தேன். உன் ஊரில் அவருக்கு மியூசியமே இருக்கிறது, பார்த்தாயா? முதல் உலகப்போரில் மனசு உடைந்துபோய் 1917-ல் அங்கே வந்தார். மலையும் மாடுமாக வரைந்து தேறிக்கொண்டார். 1937-ல் ஜெர்மனி மியூசியங்களில் இருந்த அவர் படங்களை நாஜிகள் நூற்றுக்கணக்கில் பறித்து, சிலவற்றை ஊர் சிரிக்கக் காட்சிக்கு வைத்தார்கள். அடுத்த வருஷம் ஜூனில் அவர்... அதை எழுத எனக்குக் கை வரவில்லை. எர்னா என்று ஒரு துணை கூடவே இருந்தாள். அவளுக்கு எவ்வளவு தெரிந்திருக்கும் என்றுதான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

எங்கள் வார்டில் கத்துகிற நோயாளியைப் பற்றி எங்களுக்குக் கவலை கிடையாது. "நல்லா இருக்கேன் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறவரைத்தான் ராத்திரி இரண்டு தடவை போய்ப் பார்ப்போம்.

சாப்பிடுகிறாயா? வெயிலில் உட்காரு, தம்பி. அங்கே நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது என்று நீதான் சொன்னாய்.

இன்னொன்று. மருந்து வந்த பிறகு அங்கே சானடோரியங்கள், அதாவது அந்த டி.பி. ஆஸ்பத்திரிகள், ஹோட்டலாகிவிட்டன. மருந்து இருந்தாலும் ஆஸ்பத்திரியில்தான் படுக்க வேண்டுமா என்ற கேள்விக்குப் பதில் நம் மெட்ராஸில்தான் கிடைத்தது. சேத்துப்பட்டில் செய்த ஆராய்ச்சி, 1959-ல் வெளிவந்தது. வீட்டில் இருந்தபடி மாத்திரை சாப்பிட்ட ஏழை ஜனங்களும், நல்ல சாப்பாட்டோடு சானடோரியத்தில் படுத்திருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். கூட இருந்த வீட்டாருக்கு நோய் தொற்றியதும் ஒன்றும் அதிகமில்லை. உன் ஊர் ஆராய்ச்சிக்காரர்களிடம் இதைச் சொல்.

உனக்கு லீவு கிடைக்காது என்று தெரியும். அதனால் பாஸ்போர்ட்டை நானே புதுப்பித்துவிட்டேன், அக்காதான் ஆபீஸுக்குக் கூட்டிப் போனாள். விசாவுக்கு நீ எழுதித் தரும் அழைப்புக் கடிதம் வேண்டுமாம். இந்த வாரமே அனுப்பு. உன் அறை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, நான் தரையில் படுத்துக்கொள்வேன்.

அம்மா