தகரப் பெட்டியில் இல்லாத கடிதம்

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.

அன்பு மகளுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை பேசியபோது, உன் மகனுக்குப் பள்ளியில் இந்தோசீனப் போரைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்றும், தாத்தா அங்கிருந்து எழுதிய கடிதங்களைப் படமெடுத்து உடனே அனுப்ப வேண்டும் என்றும் கேட்டாய். ‘பார்க்கிறேன்’ என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். உண்மை என்னவென்றால், தாத்தா எழுதிய கடிதம் ஒன்றுகூட நம் வீட்டில் இல்லை. அவற்றை உன் ஆயா, அதாவது என் அம்மா, ஒரு துணிப்பையில் போட்டுப் பின்கட்டு உத்திரத்தில் செருகி வைத்திருந்தார். நான் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது அந்தப் பையை இறக்கிப் பார்த்தோம். கரையான் தின்றது போக உள்ளே மண்தான் இருந்தது. இப்போது நம்மிடம் இருப்பவை ஆயா அவருக்கு எழுதியவை. ஊர் ஊராக மாற்றப்படுகிற படைவீரரிடம் காகிதம் தங்காது என்பார்கள். ஆனால் அப்பா லாரி ஓட்டுநராக இருந்ததால், இருக்கைக்கு அடியில் ஒரு பிஸ்கட் தகரப் பெட்டியில் எல்லாவற்றையும் போட்டு வைத்து, அப்படியே ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார். மொத்தம் 63 கடிதங்கள்.

கட்டுரைக்கு வேண்டிய ஆண்டுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பேரனுக்கு நீ பிரெஞ்சில் எடுத்துச் சொல். போர் 1946 டிசம்பரில் தொடங்கி, 1954 ஜூலையில் ஜெனீவாவில் ஏற்பட்ட உடன்பாட்டோடு முடிந்தது. அப்போது நம் ஊர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பிரெஞ்சுப் படையில் சேர்ந்தவரை ஊரார் ‘சொல்தா’ என்பார்கள். அப்பா 1952-இன் நடுவில் கப்பலேறினார். பிரான்சைக் காப்பாற்றவோ, வியட்நாம்காரர்களை வெல்லவோ அவர் போகவில்லை, சம்பளத்துக்காகப் போனார். தன் நாடு விடுதலை பெற வேண்டும் என்று ஒரு மக்கள் போராடிக்கொண்டிருந்த இடத்துக்கு, அதே விடுதலைக்காகக் கொடி பிடித்துக்கொண்டிருந்த ஊரிலிருந்து ஒருவர் எதிர்ப் பக்கத்துச் சீருடையில் போனார் என்பதை உன் மகன் எழுத விரும்பினால் எழுதட்டும். நான் தடுக்கமாட்டேன். அப்பாவே அதை மறைத்ததில்லை.

அவர் போனபோது நான் வயிற்றில் இருந்தேன். அக்டோபரில் பிறந்தேன்.

முதல் 19 கடிதங்கள் ஆயாவின் கையெழுத்தில் இல்லை. தெருக்கோடியில் இருந்த ஒரு வாத்தியார் எழுதிக் கொடுத்தவை. ஆயா திண்ணையில் உட்கார்ந்து சொல்வாராம். அவருடைய மாமியார் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பாராம். வாத்தியார் அதைத் தம் தமிழுக்கு மாற்றி, ‘இங்கு யாவரும் க்ஷேமம், தங்கள் க்ஷேமத்துக்கு அடிக்கடி கடிதம் எழுதவும்’ என்று தொடங்கி, ‘நிற்க’ என்று நிறுத்தி, அதன்பிறகு செய்திக்கு வருவார். நான் முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தவள். அந்த 19 கடிதங்களுக்கும் தாராளமாக மதிப்பெண் போடுவேன். ஆனால் அவற்றில் ஆயா இல்லை. இருபது வயதுப் பெண் கணவரிடம் சொல்ல வேண்டியது, வாத்தியாரின் காதில் விழுந்து, மாமியாரின் காதில் விழுந்து, படையின் தபால் பிரிவைக் கடந்து, அங்கே என்ன மிஞ்சிப் போய்ச் சேர்ந்திருக்கும்? ‘குழந்தை பிறந்தது, பெண், இருவரும் சுகம்’ என்பதுதான் நான் பிறந்த செய்தி. அந்தக் கடிதத்தில் அதைவிட நீளமாக இருப்பது, பக்கத்து வீட்டுக்காரரோடு சுவர்த் தகராறு பற்றி மாமியார் சொல்லி எழுத வைத்த பத்தி.

1953 மார்ச்சில் கையெழுத்து மாறுகிறது. ஆயா இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எழுத்துகள் அனைத்தும் பெரியவை, பாதிக்குப் புள்ளி கிடையாது, ரகரமும் றகரமும் இடம் மாறிக் கிடக்கும். ‘நிற்க’ இல்லை. க்ஷேமமும் இல்லை. முதல் வரியே, ‘தங்கள் மகள் குப்புற விழுந்தாள்’ என்று தொடங்குகிறது. வாத்தியாருக்குக் கூலி கொடுக்க முடியாததால் தாமே எழுதத் தொடங்கியதாக ஆயா என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் அதை முழுமையாக நம்பியதில்லை. வாத்தியார் வாங்கியது வெற்றிலை பாக்குதான்.

மேலுறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துப் பெண்கள் கணவர் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். ஆயா கடைசிவரை சொன்னதில்லை; ரேஷன் கடையில்கூட என்னைத்தான் சொல்லச் சொல்வார். ஆனால் கடிதம் போய்ச் சேர வேண்டுமானால் அந்தப் பெயரைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதியாக வேண்டும். அப்பா அனுப்பிய உறையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கோலம் பார்த்துப் போடுவதைப்போல ஒவ்வொரு வளைவாகப் பார்த்து வரைந்திருக்கிறார். பெயருக்குக் கீழே படை எண்ணும், படையின் தபால் பிரிவு எண்ணும் இருக்கும். ஊரின் பெயர் இருக்காது. அப்பா எந்த ஊரில் இருக்கிறார் என்பது ஆயாவுக்கு இரண்டரை ஆண்டுகளாகத் தெரியாது. சைகோனுக்குப் போனால் அங்கிருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போய்வருவதாக அவர் எழுதியிருக்க வேண்டும். ‘அம்மன் அங்கும் இருப்பதால் எனக்குப் பாதிப் பயம் போயிற்று’ என்று ஆயாவின் பதில் இருக்கிறது.

மீதிப் பாதி 1954-இல் வந்தது. தியன் பியன் பூ முற்றுகை மார்ச் 13-இல் தொடங்கி மே 7-இல் பிரெஞ்சுப் படையின் தோல்வியில் முடிந்தது. அந்த எட்டு வாரங்களில் ஆயா ஒன்பது கடிதங்கள் எழுதியிருக்கிறார். ‘பூ என்று முடிகிற ஊர் தங்களுக்கு எவ்வளவு தூரம்?’ என்று ஒன்பதிலும் கேட்டிருக்கிறார். அது வடகோடியில், மலைகளுக்கு நடுவில் இருக்கிறது. அப்பா தெற்கில் அரிசி மூட்டையும் பெட்ரோல் பீப்பாயும் ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரு நிலப்படத்தைப் பிரித்துக் காட்டியிருந்தால் ஆயா நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அப்படிக் காட்ட அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை.

இதுவரை சொன்னது பேரனுக்கு. இனி எழுதுவது உனக்கு.

இந்தக் கடிதங்களை அம்மா போனபிறகு பலமுறை படித்திருக்கிறேன். அவற்றிலிருந்து எனக்குக் கிடைத்த சித்திரம், குறையொன்றும் இல்லாத ஒரு வீடு. 1952-இல் அடித்த புயல் உனக்குத் தெரியும். கடற்கரையில் 1866-இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தையே கொண்டுபோன புயல் அது. வாத்தியார் கையெழுத்தில் அதைப் பற்றி ‘இவ்விடம் சற்று மழை’ என்று இருக்கிறது. அடுத்த ஆண்டு மே 11 அன்று, 17 பிராங்காக இருந்த இந்தோசீனப் பணமான பியாஸ்தரின் மதிப்பை ஒரே நாளில் 10 பிராங்காகக் குறைத்துவிட்டார்கள். அப்பா அங்கிருந்து அனுப்பிவந்த பணம் இங்கே வந்து சேரும்போது பாதியை நெருங்கிச் சுருங்கியது. ‘கணக்கில் பிழை இருக்குமோ என்று கேட்டேன், இல்லை என்றார்கள். போதும், குறைவில்லை’ என்று அம்மா எழுதுகிறார். அதே ஆண்டின் கடிதங்களில், ‘மகளைத் தூக்கிக்கொண்டு கோட்டக்குப்பம் அத்தை வீட்டுக்குப் போய்வந்தேன்’ என்ற வரி பதினோரு முறை வருகிறது. அத்தை மீது அம்மாவுக்கு இவ்வளவு பாசமா என்று நான் வியந்ததுண்டு. எனக்கு நினைவு தெரிந்த காலத்தில் இருவருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

போன மாதம் தையல் இயந்திரத்தைப் பழுது பார்க்கக் கொடுப்பதற்காக அதன் இழுப்பறைகளைக் காலி செய்தேன். அடி இழுப்பறையில் விரித்திருந்த காகிதத்துக்குக் கீழே ஒரு கடிதம் இருந்தது. மேலுறையில் அதே கோல எழுத்து, ஆனால் இந்தியத் தபால்தலை. குறுக்கே, அனுப்பியவருக்கே திருப்பும்படி ஒரு பிரெஞ்சு முத்திரை. 1955 ஜனவரியில் எழுதியது. அப்பா பிப்ரவரியில் வீட்டுக்கு வந்துவிட்டார். கடிதம் அங்கே போய், ஆளைக் காணாமல், அவர் வந்த பல வாரங்களுக்குப் பிறகு இங்கே திரும்பியிருக்கிறது. தபால்காரரிடம் அதை வாங்கியவர் அம்மாவாகத்தான் இருக்க வேண்டும். உறை பிரிக்கப்படவே இல்லை. நான் பிரித்தேன்.

நான்கு பக்கமும் கணக்கு, அம்மாவின் சொற்களிலேயே: மழை என்று எழுதியது மழையல்ல, பின்கட்டு இடிந்து விழுந்தது. பச்சைக் குழந்தையோடு மூன்று நாள் சத்திரத்தில் கிடந்தேன். பின்கட்டை எடுத்துக் கட்டத் தாலிச் சங்கிலியை அடகு வைத்தேன். இரண்டு வருடமாகக் கழுத்தில் மஞ்சள் கயிறுதான், மாமிக்கு மட்டும் தெரியும். பணம் குறைந்தபோது வட்டி கட்ட முடியவில்லை. கோட்டக்குப்பம் போனது அத்தையைப் பார்க்க அல்ல.

இந்த இடத்தில் உனக்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும். நம் தெருவிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் கோட்டக்குப்பம் அன்று இந்திய யூனியன், நாம் பிரெஞ்சிந்தியா. 1949 ஏப்ரலில் இரண்டுக்கும் இடையிலான சுங்க உடன்பாடு முடிவுக்கு வந்து, எல்லையில் சோதனை ஏற்பட்டது. வெளிநாட்டுச் சாமான் இந்தப் பக்கம் மலிவு, அந்தப் பக்கம் கிராக்கி. ஆகவே பேனாவும் கைக்கடிகாரமும் சென்ட் புட்டியும் எத்தனையோ மடிகளிலும் கூடைகளிலும் ஏறி எல்லையைக் கடந்தன. அம்மா என் இடுப்புத் துணிக்குள் பேனாக்களை வைத்துக் கட்டியிருக்கிறார். ‘பிள்ளை அழுதால் சிப்பாய் சீக்கிரம் போகச் சொல்லிவிடுவான், அதனால் சாவடிக்கு முன்னால் தொடையில் கிள்ளிவிடுவேன், மன்னிக்கவும்’ என்று எழுதியிருக்கிறார். அந்த மன்னிப்பை என்னிடம் கேட்கவில்லை, அப்பாவிடம் கேட்டிருக்கிறார்! முப்பது ஆண்டுகள் வகுப்பில் நேர்மையைப் பற்றிப் பாடம் நடத்தியவள், ஒரு வயதிலேயே கடத்தலுக்குத் துணைபோனவள் என்று எழுபதுக்குமேல் தெரிந்துகொண்டேன். உன் கணவரிடம் வேண்டுமானால் சொல், சிரிக்கட்டும்.

1954 தொடக்கத்தில் எல்லைக் கெடுபிடி இறுகியது, இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார். அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்து, 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள். நவம்பர் முதல் தேதி ஆட்சி கைமாறியது. ஊரே வெடி வெடித்துக் கொண்டாடிய அந்த நாளைப் பற்றி அம்மா எழுதியது ஒரே வரிதான்: ‘சாவடியை எடுத்துவிட்டார்கள், நல்லவேளை சங்கிலியை அதற்கு முந்தின வாரமே மீட்டுவிட்டேன்.’

கடைசிப் பத்தியை அப்படியே எழுதுகிறேன், எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தி: ‘இவற்றை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. தாங்கள் வரும் நாள் தெரிந்ததால் தைரியம் வந்து எழுதினேன். கப்பலிலேயே கோபப்பட்டு முடித்துவிட்டு வீட்டுக்கு வரவும். வந்தபின் எதையும் கேட்க வேண்டாம்.’

அப்பா வந்து எதையும் கேட்கவில்லை. கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் கேட்காமல் இருக்கிறார் என்று அம்மா அந்தச் சில வாரங்களும் நினைத்திருப்பார். பிறகு தபால்காரர் வந்திருக்கிறார். அன்றைக்கு அதை அப்பாவிடம் நீட்டியிருக்கலாம், அடுப்பில் போட்டிருக்கலாம். இரண்டையும் செய்யாமல் தையல் இயந்திரத்துக்குள் வைத்துவிட்டு, அதன் மேல் நாற்பது ஆண்டுகள் நமக்கெல்லாம் துணி தைத்திருக்கிறார். அப்பா கடைசிவரை அந்தப் பின்கட்டைப் பார்த்து, ‘நம் சுவர் மாதிரித் தெரியவில்லையே’ என்று சொல்லிக்கொண்டிருந்ததும், ‘சுண்ணாம்பு அடித்ததில் அப்படித் தெரிகிறது’ என்று அம்மா பதில் சொன்னதும் உனக்கே நினைவிருக்கும். 1962 ஆகஸ்டில் ஊர் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, ஆறு மாதத்துக்குள் விருப்பம் தெரிவித்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அப்பா எழுதிக் கொடுத்தார். அதனால்தான் நீ இன்று பாரீஸில் இருக்கிறாய். அந்தத் தாளில் அம்மா போட்ட கையெழுத்துக்குப் புள்ளிகள் எல்லாம் சரியாக இருந்தன.

பேரனுக்காக நான்கு கடிதங்களைப் படமெடுத்து வைத்திருக்கிறேன்: வாத்தியார் எழுதிய ஒன்று, 1953 மார்ச்சில் அம்மா தாமே எழுதிய முதல் கடிதம், முற்றுகைக் காலத்துக் கடிதம் ஒன்று, கோல எழுத்து மேலுறை ஒன்று. எதிர்வீட்டுப் பையன் இன்று மாலை அனுப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். பின்னும் வேண்டுமானால் 63-இல் எதை வேண்டுமானாலும் கேள். 64-ஆவதைத் தகரப் பெட்டியில் சேர்க்க எனக்குக் கை வரவில்லை. அது இழுப்பறையிலேயே இருக்கிறது. டிசம்பரில் வரும்போது இங்கேயே உட்கார்ந்து படித்துக்கொள்.

வரும்போது எனக்கு இரண்டு பொட்டலம் தையல் ஊசி வாங்கி வா. இயந்திரம் பழுது பார்த்து வந்துவிட்டது, ஓடுகிறது.

அன்புடன்,
அம்மா